அரிசி கொட்டிவைத்த ஐஸ்பெட்டி

வளர்ச்சிப் பணித் துறையில் யார் எழுதிய மதிப்பீட்டு அறிக்கையை எடுத்தாலும் ஏதோ ஒரு பக்கத்தில் இந்த வாக்கியம் இருக்கும்: ‘பயனாளிகளிடம் போதிய விழிப்புணர்வு இல்லை.’ கொடுத்த அடுப்பில் சமைக்கவில்லை, கட்டிக்கொடுத்த கழிப்பறைக்குப் போகவில்லை, போட்டுக்கொடுத்த பம்பில் தண்ணீர் அடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால், விழிப்புணர்வு இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் நிதியாளர் இதைச் சொல்கிறார். வட்டார வளர்ச்சி அலுவலர் சொல்கிறார். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கூட, நாம் என்ன வேலை பார்க்கிறோம் என்று தெரிந்ததும், ‘நீங்க என்னதான் செஞ்சாலும் இந்த ஜனங்க மாறாதுங்க சார்’ என்கிறார். இருபது வருடமாக இந்தப் பேச்சைக் கேட்டு வருகிறேன். அந்த வாக்கியத்தை நானும் என் கையால் எழுதியிருக்கிறேன். அது பொய்.

மிகைப்படுத்தல், பாதி உண்மை என்றெல்லாம் இதைத் தணித்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு திட்டம் தோற்ற பழியை அதைத் தீட்டியவர்களின் தலையிலிருந்து இறக்கி, கேட்காமலே அதை வாங்கிக்கொண்டவர்களின் தலையில் ஏற்றி வைக்கிற பொய் இது.

2006-ன் தொடக்கம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். சுனாமி வந்து ஒரு வருடம் கடந்திருந்தது. படகு, வலை, இன்ஜின் என்று வந்த நிவாரணமெல்லாம் ஆண்கள் பக்கமே போய்க்கொண்டிருந்தது. அந்த மீனைக் காசாக்குகிற பெண்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் வேலை பார்த்த நிறுவனம் கண்டுகொண்டது. அதுவரைக்கும் நல்ல விஷயம்தான். கூடையில் மீன் சுமந்து விற்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு ஐஸ்பெட்டி கொடுத்தோம். நீல நிறப் பிளாஸ்டிக், இரட்டைச் சுவர், கெட்டியான மூடி, இரண்டு பக்கமும் கைப்பிடி. கொடுத்த அன்றைக்குப் படம் எடுத்துக்கொண்டோம். மூன்று மாதம் கழித்து, பயன்பாடு எப்படி இருக்கிறது என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள்.

முதல் வீட்டில் பெட்டிக்குள் ரேஷன் அரிசி இருந்தது. அடுத்த வீட்டில் துணிமணி. இன்னொரு வீட்டில் வாசலில் வைத்துத் தண்ணீர் பிடித்திருந்தார்கள். ஒரு பெட்டியிலும் மீன் இல்லை. அரிசி வைத்திருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ‘என்னக்கா இப்படி வச்சிருக்கீங்க?’ என்று கேட்டேன்.

‘எலி கடிக்காம நல்லாருக்கு தம்பி’ என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லி விளக்கினார்.

‘நாலு மணிக்கு ஏலத்துக்குப் போறேன். அஞ்சரைக்கு பஸ்ஸப் புடிக்கணும். அன்னக்கூடைன்னா காலுக்கடியில ஒதுக்கி வச்சுக்குவேன், கண்டக்டர் கண்ணுல படாது. இந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டு ஏறுனா ஏத்துவானா? ஏத்துனாலும் லக்கேஜ் போடுவான். திருவாரூர்ல எறங்கித் தெருத்தெருவா சொமக்கணும். ஐஸோட இதத் தலையில வச்சா கழுத்து ஒடிஞ்சு போயிரும். அப்புறம், ஐஸு எதுக்கு? பத்து மணிக்குள்ள வித்துத் தீந்துரும். ஐஸ்ல வச்ச மீனுன்னு தெரிஞ்சா என் வாடிக்கக்காரங்க கையால தொட மாட்டாங்க. பழசும்பாங்க.’

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘ஒரு வண்டி ஏற்பாடு பண்ணிக் குடுங்க தம்பி. பத்துப் பொம்பளைங்க கூடையோட ஏறிப் போற மாதிரி. அது போதும்’ என்றார்.

அவர் சொன்னதில் எது அறியாமை? பெட்டியின் எடை, பஸ்ஸின் படிக்கட்டு, கண்டக்டரின் மனநிலை, லக்கேஜ் கட்டணம், விற்றுத் தீரும் நேரம், வாடிக்கையாளரின் சந்தேகம் என்று ஆறு கணக்கையும் போட்டுப் பார்த்துத்தான் அந்தப் பெட்டியில் அரிசி கொட்டியிருந்தார். அலுவலகத்தில் பெட்டியைத் தேர்ந்தெடுத்தபோது நாங்கள் போட்டது ஒரே கணக்கு: ஒரு பெட்டி என்ன விலை.

அறிக்கைப் படிவத்தில் ‘சவால்கள்’ என்று ஒரு கட்டம். மூன்று வரிக்கு இடம். படிவம் ஆங்கிலத்தில். கண்டக்டரையும் கழுத்தையும் அந்தக் கட்டத்துக்குள் அடக்க எனக்குத் தெரியவில்லை. வண்டி கேட்டார்கள் என்று எழுதினால், பட்ஜெட்டில் வண்டிக்குத் தலைப்பு இல்லை. பயிற்சிக்குத் தலைப்பு இருந்தது. ‘பயனாளிகளிடம் போதிய விழிப்புணர்வு இல்லை, பயிற்சி தேவை’ என்று எழுதினேன். உடனே அனுமதி கிடைத்தது. இரண்டு நாள் பயிற்சி. சென்னையிலிருந்து வந்தவர், நல்ல மீனைக் கண்ணையும் செவுளையும் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி என்று, சிறுவயதிலிருந்து மீனோடு வாழ்ந்த பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். டீ, போண்டா, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, பேனருக்கு முன்னால் குழுப்படம். அந்தப் பெண்களுக்கு இரண்டு நாள் வியாபாரம் போயிற்று. அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. நான் எழுதிய ஒரு வரியால் வந்த இழப்பு அது என்பதை நான் மறந்ததில்லை.

இது ஒரு நிறுவனத்தின் தவறு, ஒரு பெட்டியின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கடற்கரை முழுக்க அப்போது இதுதான் நடந்துகொண்டிருந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போயிருந்தார்கள். முதல் வாரத்திலேயே லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. உறவுகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்த மீனவக் குடும்பங்கள் அடுத்தவர் உடுத்திக் கழித்த துணியைத் தொடவில்லை. சாலையோரத்தில் மலையாகக் குவிந்து மழையில் நனைந்து நாறியது. பிறகு தார் ஷீட் கொட்டகைகள் வந்தன. சித்திரை வெயிலில் உள்ளே கால் வைக்க முடியாது. பகல் முழுக்க ஜனங்கள் வெளியே நிழல் தேடி உட்கார்ந்திருந்தார்கள். கொட்டகை கொடுத்தும் தங்க மாட்டேன் என்கிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் குறைபட்டுக்கொண்டதைக் காதால் கேட்டேன். தார் ஷீட்டுக்கு அடியில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

படகு விஷயம் இன்னும் மோசம். கட்டுமரம் போனவர்களுக்கெல்லாம் ஃபைபர் படகு என்று நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தன. கூலிக்குக் கடலுக்குப் போனவர் படகுக்குச் சொந்தக்காரர் ஆனார். படகில் ஏற ஆள் கிடைக்கவில்லை. அவசரத்துக்கு முளைத்த பட்டறைகளில் செய்த படகுகள் தரமில்லாமல் இருந்தன. படகு அளவுக்கு மீறிப் போகிறது, தரத்தைப் பாருங்கள் என்று மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ் எச்சரித்தது. கரையில் பெரியவர்களும் அதையேதான் சொன்னார்கள். கேட்க யாருக்கும் நேரமில்லை. பணம் குறித்த தேதிக்குள் செலவாகியாக வேண்டும்.

பணம் கொஞ்சநஞ்சமல்ல. உதவி நிறுவனங்களே சேர்ந்து அமைத்த சுனாமி மதிப்பீட்டுக் கூட்டணி 2006-ல் அறிக்கை வெளியிட்டது. சுனாமியால் பாதிக்கப்பட்டவருக்குத் தலைக்கு 7,100 டாலருக்கு மேல் உலகம் கொடுத்திருந்தது. சுனாமி வந்த அதே 2004-ல் பங்களாதேஷ் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்தது தலைக்கு 3 டாலர். அவ்வளவு பணம் இருந்தும் எங்கே சறுக்கியது என்பதற்கு அந்த அறிக்கை சொன்ன முக்கியமான பதில், மக்கள் தாங்களாகவே மீண்டெழச் செய்துகொண்டிருந்ததை உதவிக்கு வந்தவர்கள் மதிக்கவில்லை என்பதுதான். பொருளைக் கொண்டுவந்து கொட்டுவதை விட்டுவிட்டு, அவர்கள் எதை முதலில் செய்ய விரும்புகிறார்களோ அதற்குத் துணை நில்லுங்கள் என்றது. எங்கள் துறையே தன்னைப் பற்றி எழுதிக்கொண்ட தீர்ப்பு அது. அதற்குப் பிறகும் பழைய வாக்கியம் அறிக்கைகளில் அப்படியே தொடர்கிறது.

வேறொரு கண்டத்துக்குப் போவோம். தென்னாப்பிரிக்காவில் குடைராட்டினத்தைத் தண்ணீர் பம்போடு இணைத்து ஒரு கருவி செய்தார்கள். ‘ப்ளேபம்ப்’ என்று பெயர். பிள்ளைகள் சுற்றி விளையாட, தண்ணீர் தானாக மேல்தொட்டிக்கு ஏறும். கேட்டவர்களெல்லாம் மயங்கினார்கள். 2006-ல் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் மேடையேறி, இதற்காக 1.64 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். 2010-க்குள் ஆப்பிரிக்கா முழுக்க 4,000 பம்புகள் நிறுவுவது இலக்கு. ஒரு பம்பின் செலவு சுமார் 14,000 டாலர். சாதாரணக் கைப்பம்பைப் போல நாலு மடங்கு. பல ஊர்களில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த கைப்பம்பைப் பிடுங்கிவிட்டு இதைப் போட்டார்கள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். குடத்தோடு வந்த பெண்கள் அந்த இரும்புச் சக்கரத்தைத் தாங்களே தள்ளிச் சுற்ற வேண்டியதாயிற்று. வயதான பெண்கள் ஊர் பார்க்கக் குனிந்து ராட்டினம் தள்ளினார்கள். பழுதானால் ஊரில் கழற்றிப் பார்க்க ஆள் கிடையாது. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். திட்டம் சொன்ன அளவுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பிள்ளைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009-ல் ‘கார்டியன்’ கணக்குப் போட்டுக் காட்டியது. மறு வருடம், பணம் கொடுத்தவர்களில் முதன்மையானதான கேஸ் அறக்கட்டளை, எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு விலகியது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். எங்கள் துறையில் அது அபூர்வம். ஆனால், பழைய கைப்பம்பே போதும் என்று அந்தப் பெண்கள் முதல் வாரமே சொல்லியிருப்பார்கள். கைப்பிடியைப் பிடித்து அடித்த கைக்குத் தெரியாததா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். மக்களுக்குத் தெரியாத விஷயமே கிடையாதா? கிருமி கண்ணுக்குத் தெரியுமா? தண்ணீரில் கலந்த விஷம் நாக்குக்குத் தெரியுமா? தெரியாது. இதை ஒப்புக்கொள்ளாமல் என் வாதத்தை நான் மேலே கொண்டுபோக முடியாது. அதனால் பங்களாதேஷைப் பார்ப்போம்.

1970-களிலிருந்து அங்கே யூனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகள் குழாய்க் கிணறுகளைப் பரப்பின. குளத்துத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், வயிற்றுப்போக்கில் பிள்ளைகள் சாகிறார்கள் என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்தன. மக்கள் கேட்டார்கள். கோடிக்கணக்கானவர்கள் குழாய்க் கிணற்றுக்கு மாறினார்கள். அந்த நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருந்தது. அதைப் பரிசோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1993-ல் விஷம் தெரியவந்தது. வரலாற்றிலேயே மிகப் பெரிய மக்கள்திரள் நஞ்சூட்டல் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் 2000-ல் எழுதினார்கள். பிறகு லட்சக்கணக்கான கிணறுகளைச் சோதித்து, விஷமுள்ளதற்குச் சிவப்பும் இல்லாததற்குப் பச்சையும் அடித்தார்கள். அராய்ஹசார் என்ற பகுதியில் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தபோது, கெட்ட கிணறு என்று தெரிந்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் வேறு கிணற்றுக்கு மாறியிருந்தார்கள். பக்கத்தில் நல்ல கிணறு இருந்தவர்கள் மாறினார்கள். வெகுதூரம் நடக்க வேண்டியவர்களுக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை.

‘உன் கிணற்றில் விஷம், அந்தக் கிணற்றில் இல்லை’ என்பது தகவல். கையில் கிடைத்ததும் மக்கள் அதன்படி நடந்தார்கள், பக்கத்தில் வேறு வழி இருந்தவரைக்கும். நாங்கள் பேனர் கட்டிச் சொல்கிற ‘விழிப்புணர்வு’ இந்த ஜாதியே இல்லை. அதில் புதிய செய்தி எதுவும் இருப்பதில்லை. எங்கள் பொருளை ஏற்றுக்கொள் என்கிற வற்புறுத்தல்தான் இருக்கிறது. பங்களாதேஷில் நடந்த பேராபத்தில்கூட, தெரிந்திருக்க வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டவர்கள் கிணறு போட்டுக்கொடுத்தவர்கள்தான். சொன்னதைக் கேட்ட மக்கள்தான் விஷத்தைக் குடித்தார்கள்.

கழிப்பறையைக் காட்டி மடக்கப் பார்ப்பவர்களும் உண்டு. 2014-ல் ஐந்து வட மாநிலங்களில் ரைஸ் ஆய்வு நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பில், நல்ல கழிப்பறை இருக்கிற வீடுகளிலேயே 40 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் யாராவது ஒருவர் வெளியே போய்க்கொண்டிருந்தார். இதற்கு என்ன சொல்கிறாய் என்பார்கள். அதே ஆய்வாளர்கள், டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும், காரணத்தையும் தேடிப் போய் எழுதியிருக்கிறார்கள். குழி நிறைந்தால் யார் அள்ளுவது? தலித் அல்லாத எவரும் தொட மாட்டார். தலித்துகளோ தலைமுறை தலைமுறையாகத் தங்கள் மேல் சுமத்தப்பட்ட அந்த இழிவை உதறிக்கொண்டிருக்கிறார்கள், உதறத்தான் வேண்டும். அரசு கட்டிக்கொடுத்த சின்னக் குழியைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கு மனசில் ஓடிவிடுகிறது. அங்கே தடையாக நிற்பது ஜாதி. நாங்கள் போய் வயிற்றுப்போக்குப் படம் ஒட்டினோம். ஜாதி என்ற வார்த்தையை உச்சரிக்கத் தைரியமில்லாத இடத்தில் ‘விழிப்புணர்வு’ என்று சொல்லிக் கடந்துபோனோம்.

இந்தப் பொய்க்கு ஒரு தம்பி உண்டு. ‘இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது’ என்பது அதன் பெயர். நம் ஊரில் இதைச் சொல்லாத டீக்கடை இல்லை. எங்கள் துறையில் இதற்குப் ‘பயனாளி பங்களிப்பு’ என்று மரியாதையான பெயர் வைத்து, ஒன்றுமில்லாத குடும்பத்திடம் ஐந்நூறோ ஆயிரமோ வாங்குகிறோம். பணம் போட்டால்தான் ‘நம்முடையது’ என்ற எண்ணம் வருமாம். இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். கென்யாவின் மேற்குப் பகுதியில் கர்ப்பிணிகளுக்கான மருத்துவமனைகளில் ஜெசிகா கோஹெனும் பாஸ்கலின் டுபாவும் கொசுவலையைச் சில இடத்தில் இலவசமாகவும் சில இடத்தில் சிறு விலைக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2010-ல் வெளியாயின. இலவசமாக வாங்கியவர்கள் காசு கொடுத்தவர்களுக்குக் குறையாமல் வலையைப் பயன்படுத்தினார்கள். விலையை வெறும் 60 சென்ட்டுக்கு உயர்த்தியதும், வலை வாங்குவோர் 60 சதவீதப் புள்ளி குறைந்தார்கள். விலை வைத்ததால் மதிப்பு கூடவில்லை; வலை இல்லாத தாய்மார்கள்தான் கூடினார்கள். கையில் பணம் கொடுத்தால் குடித்து அழித்துவிடுவார்கள் என்பதும் இதே குடும்பத்துப் பேச்சு. உலக வங்கியின் டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பணம் கிடைத்ததால் குடிச் செலவு கூடியதாகத் தெரியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தப் பொய் ஏன் சாகவில்லை? அது எல்லோருக்கும் வசதி. திட்டம் தீட்டியவரின் வேலை தப்புகிறது. பணம் கொடுத்தவருக்கு, தன் பணம் நல்ல பொருளாகத்தான் போனது என்ற நிம்மதி. பயிற்சி என்பது எண்ணிக் காட்டக்கூடிய சரக்கு: எத்தனை பேர், எத்தனை நாள், அதில் பெண்கள் எத்தனை பேர். மார்ச் 31-க்குள் செலவழித்துவிடலாம். கண்டக்டரோடு பேசி, போக்குவரத்துக் கழகத்துக்கு மனு எழுதி, ஒரு பஸ்ஸில் கூடைக்கு இடம் வாங்குவது எந்தக் காலாண்டு அறிக்கையிலும் அடங்காது. உண்மை தெரிந்தவர் களப்பணியாளர். சைக்கிளிலோ டூவீலரிலோ தினமும் அந்தத் தெருவில் போகிறவர். அவருக்குத்தான் சம்பளம் குறைவு, வேலை திட்டம் முடியும்வரைதான். அவர் நோட்டில் தமிழில் எழுதி வைத்திருப்பது ஆங்கில அறிக்கையாக மாறும்போது, கண்டக்டர் காணாமல் போகிறார், கழுத்துவலி காணாமல் போகிறது, விழிப்புணர்வு மட்டும் மிஞ்சுகிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். கொடுத்த பொருள் ஒரு வீட்டில் மூலையில் கிடந்தால், அது அவர்கள் உங்களுக்குச் சொன்ன பதில். அந்தப் பதிலை முழுதாகக் கேளுங்கள். திண்ணையில் உட்காருங்கள், அவர்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் கூடவே ஒரு நாள் போய் வாருங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே அறிக்கையில் எழுதுங்கள். மூன்று வரிக் கட்டம் போதாவிட்டால் தனித்தாள் இணையுங்கள். மேலே இருப்பவர் வெட்டினால் வெட்டட்டும். உங்கள் கை அந்தப் பொய்யை எழுத வேண்டாம்.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு ஆணையிட்டது. அதே வருடம் டிசம்பரில், கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய ஒரு மூதாட்டியை நாற்றமடிக்கிறது என்று இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று கதறியதை நாடே பார்த்தது, சம்பந்தப்பட்ட ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதற்குச் சில மாதம் முன்பு, ஆகஸ்டில், திருவனந்தபுரத்தில் கேரள அரசு ‘சமுத்ரா’ என்ற பெயரில் மூன்று பேருந்துகளை விட்டது. மீன் விற்கும் பெண்களுக்கு மட்டுமேயான பேருந்துகள். கட்டணம் கிடையாது. கூடைகளை வைக்க உள்ளே தனியாக இடம் இருந்தது.